எல்லை மூடியிருக்கும்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிப்பது எப்படி

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 20 இரவு 9 மணிக்கு, ஆஸ்திரேலியா தன் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பாளர்களையும் தவிர ஏறக்குறைய மற்ற எல்லோருக்கும் எல்லையை மூடியது. மாணவர் விசா வைத்திருந்தவர்கள், தடுப்பூசி முழுமையாகப் போட்டிருந்தால், மறுபடி உள்ளே போக முடிந்தது 2021 டிசம்பர் 15 முதல்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தில், மெல்போர்ன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் மூன்று பருவங்களை நான் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். என்னுடன் அதே ஆண்டில் சேர்ந்தவர்கள் சென்னையிலும் கொழும்பிலும் ஷாங்காயிலும் தங்கள் தங்கள் வீடுகளிலிருந்து படித்தார்கள்.

இப்படி ஒரு நிலை பெருந்தொற்றோடு முடிந்துவிடவில்லை. 2022இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது அங்கே மருத்துவம் படித்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் ஊர் திரும்பி, சில வாரங்களிலேயே இணையவழி வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். விசா தாமதமாகும் மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் முதல் சில வாரங்களை வீட்டிலிருந்தே தொடங்க அனுமதி தருவதும் உண்டு. ஆகவே நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, இனி இந்த இடத்தில் வந்து நிற்கப்போகும் ஒருவருக்குப் பயன்படும் விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இலும் இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தொடங்கப்பட்டபோதே தொலைவிலிருந்து படிப்பவரை எண்ணித்தான் அவற்றின் பாடங்கள் எழுதப்பட்டன. 2020இல் எங்களுக்குக் கிடைத்தது அந்த வகைக் கல்வி இல்லை. வகுப்பறைக்கென்று ஆயத்தம் செய்த பாடத்தை ஓரிரு வாரத்தில் கேமரா முன்பு நடத்தும்படி ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பல்கலைக்கழக வளாகம் கேட்காமலேயே தந்துவந்த பலவற்றை, அதாவது வகுப்பு முடிந்து வாசலில் நின்று பேசும் ஐந்து நிமிடத்தையும், அறிவிப்புப் பலகையையும், பக்கத்து இருக்கைக்காரரின் குறிப்பேட்டையும், இனி நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். அந்தக் கேட்டுப் பெறும் பழக்கத்தைச் சுற்றியே இந்த வழிகாட்டி அமைந்திருக்கிறது.

இப்படிப் படித்த படிப்பு செல்லுமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. சீனாவில் மருத்துவம் படித்த இந்திய மாணவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தால், நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது விளங்கும். 2020 மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. மாணவர்களுக்கு மறுபடி விசா வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டு இறுதியில். தமிழகத்தைச் சேர்ந்த பலரையும் உள்ளடக்கிய அந்த மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தே உடற்கூறியலையும் அறுவை மருத்துவத்தையும் திரையில் படித்தார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகங்கள் அதை ஏற்றுப் பட்டமும் வழங்கின. ஆனால் இணையவழியில் மட்டுமே படித்த மருத்துவப் படிப்பை ஏற்பதில்லை என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், இம்மாணவர்களுக்கென்று ஒரு முறை மட்டுமான தீர்வைக் காணும்படி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 29 அன்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன் பின்னர், 2022 ஜூன் 30க்குள் படிப்பை முடித்துப் பட்டம் பெற்ற இறுதியாண்டு மாணவர்கள் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வை எழுதலாம் என்றும், அதில் தேறியபின் இரண்டு ஆண்டுகள் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும் என்றும் ஆணையம் வழிவகுத்தது. வழக்கமாக அந்தப் பயிற்சி ஓராண்டுதான். படிப்பு நடத்திய பல்கலைக்கழகம் சரி என்று சொன்னதை மட்டும் நம்பியிருந்தவர்கள் கொடுத்த விலை அந்தக் கூடுதல் ஆண்டு.

எனவே மூன்று இடங்களில் தனித்தனியாகக் கேளுங்கள். பல்கலைக்கழகம் இந்தப் பருவத்தை முழுமையான பருவமாகக் கணக்கில் எடுக்கிறதா என்பது முதல் கேள்வி. அந்த நாட்டுக் குடிவரவுத் துறை, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை விசாவுக்கு இந்தக் காலத்தைச் சேர்த்துக்கொள்கிறதா என்பது இரண்டாவது. நீங்கள் எந்த ஊரில் தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த ஊரில் தொழில் செய்ய அனுமதி தரும் பதிவுக் குழுமம் இதை ஏற்குமா என்பது மூன்றாவது. மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை, ஆசிரியப் பயிற்சி போன்றவற்றைப் படிப்பவர்கள் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியா, மாணவர் விசா வைத்திருந்தவர்கள் எல்லைக்கு வெளியே இணையவழியில் படித்த காலத்தைப் பட்டதாரி விசாவுக்குச் சேர்த்துக்கொள்வதாக 2020இலேயே அறிவித்தது. நாங்கள் துணிந்து தொடர்ந்ததற்கு முதன்மைக் காரணம் அந்த அறிவிப்புதான்.

இப்படிப்பட்ட விதிகள் ஒரே வாரத்தில் மாறக்கூடியவை. அமெரிக்காவில், முழுவதும் இணையவழியில் நடக்கும் படிப்பில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டில் தங்க முடியாது என்று 2020 ஜூலை 6 அன்று அறிவிப்பு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் ஜூலை 8 அன்று வழக்குத் தொடுத்தன. ஜூலை 14 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த எட்டு நாட்களுக்குள் அவசரப்பட்டுப் பயணச்சீட்டு எடுத்தவர்களும் இருந்தார்கள். அறிவிப்பு ஒன்று வந்தால் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் அதை விளக்கி எழுதும் வரை இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். அந்த விளக்கம் வந்த பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், ஏனெனில் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் இருக்காது. தொலைபேசியில் எவரேனும் ஒப்புதல் சொன்னால், "நாம் இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்குப் பருவம் முடிவெடுங்கள்

எல்லை எப்போது திறக்கும் என்ற நம்பிக்கையில் படிப்பைத் திட்டமிடக் கூடாது. 2020 நவம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்துக்கு 63 மாணவர்கள் தனி விமானத்தில் டார்வினில் வந்திறங்கியபோது, அடுத்த பருவத்துக்குள் நாமும் போய்விடலாம் என்று நாங்கள் எல்லோரும் எண்ணினோம். அதற்குப் பிறகு ஓராண்டு காத்திருந்தோம். டிசம்பர் 1 என்று அறிவித்த நாள்கூட, ஓமிக்ரான் வகைத் தொற்றின் காரணமாகக் கடைசி நேரத்தில் டிசம்பர் 15க்குத் தள்ளிப்போனது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு படிப்பவரால் படிப்பில் மனம் ஊன்ற முடியாது. இந்தப் பருவம் முழுவதும் இந்த அறையில்தான் என்று முடிவு செய்துகொண்டால் மேசையும் நாற்காலியும் வாங்கத் தோன்றும், அட்டவணை போடத் தோன்றும்.

தொடர்வதா, ஒரு பருவம் விடுப்பு எடுப்பதா என்று முடிவெடுக்க ஆஸ்திரேலியாவில் ஒரு கடைசி நாள் உண்டு. அதைச் சென்சஸ் டேட் என்கிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் முதல் பருவத்துக்கு மார்ச் 31, இரண்டாம் பருவத்துக்கு ஆகஸ்ட் 31. அந்த நாளுக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் மதிப்பெண் பட்டியலில் அது தோல்வியாகப் பதிவாகாது. கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விதி வெளிநாட்டு மாணவர்களுக்குச் சேர்க்கை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கும். அதைச் சேரும்போதே படித்துவிட வேண்டும். என்னுடன் படித்த ஒருவர், நான்கு பாடங்களையும் இழுத்துப் பிடிக்க முடியவில்லை என்பதை மூன்றாம் வாரத்திலேயே உணர்ந்தும், யாரிடமும் சொல்லத் தயங்கி, கடைசி நாளுக்குப் பிறகு ஒன்றிலிருந்து விலகினார். லட்சக்கணக்கான ரூபாய் கட்டணம் அவருக்குத் திரும்பி வரவில்லை. இரண்டாம் வார இறுதியில் உட்கார்ந்து, இத்தனை பாடங்களை இந்த வீட்டிலிருந்து என்னால் படிக்க முடியுமா என்று பெற்றோரோடு சேர்ந்து கணக்குப் பாருங்கள். பாடங்களைக் குறைத்தால் விசா நிபந்தனைக்கு ஊறு வருமா என்பதைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டபின்பே குறைக்க வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

மெல்போர்ன் நேரம் இந்திய நேரத்தைவிட ஆண்டின் பாதியில் நான்கரை மணி நேரமும், மறுபாதியில் ஐந்தரை மணி நேரமும் முந்தியது. அங்கே கோடைக்கால நேரம் அக்டோபரின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஏப்ரலின் முதல் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. காலை 9 மணி வகுப்புக்கு நான் அதிகாலை 4.30க்கு உட்கார்ந்தேன், 2020 அக்டோபர் 4க்குப் பிறகு அதே வகுப்பு 3.30 ஆனது. இரவு 11.59க்குள் சமர்ப்பிக்க வேண்டிய ஒப்படைப்புக்கு எங்கள் கெடு மாலை 7.29, அக்டோபரில் அதுவும் 6.29 ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைக் கவனிக்காமல் தாமத மதிப்பெண் குறைப்புக்கு ஆளானவர்கள் எங்கள் வகுப்பில் மூன்று பேர். ஆகவே பருவம் தொடங்கியதும் எல்லாக் கெடுக்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதி, அந்த நேரத்துக்கு ஒரு நாள் முன்னதையே உங்கள் கெடுவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு வேறு. பிரிஸ்பேன் நகரத்தில் கோடைக்கால நேரம் கிடையாது, பெர்த் நகரத்திலும் கிடையாது. பெர்த்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் இடைவெளி. லண்டன் மாணவருக்குக் காலை 9 மணி வகுப்பு பிற்பகல் 1.30 அல்லது 2.30க்கு வருகிறது, இதைவிட நல்ல நேரம் கிடைப்பது அரிது. நியூயார்க்கில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை 6 மணிக்கு நடத்தும் முதுநிலை வகுப்போ, கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. சேரும்போது பாடத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே நேரத்தைப் பார்க்க வேண்டிய நிலை இது. ஒரே பாடத்துக்கு நான்கைந்து டியூட்டோரியல் (சிறு குழு வகுப்பு) பிரிவுகள் இருந்தால், பதிவு திறந்த முதல் மணி நேரத்திலேயே உங்கள் ஊருக்கு ஏற்ற பிரிவைப் பிடித்துவிடுங்கள். மெல்போர்னில் பிற்பகல் 2 மணிப் பிரிவு என்றால் நமக்குக் காலை 9.30 அல்லது 8.30. இடம் நிரம்பிவிட்டதென்றால் பாட ஒருங்கிணைப்பாளருக்கு உங்கள் நேர வேறுபாட்டை எண்ணோடு குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவாகக் கஷ்டம் என்று எழுதுவதைவிட, "இந்த வகுப்பு எனக்கு அதிகாலை 3.30க்கு நடக்கிறது" என்று எழுதியதற்குத்தான் எனக்குப் பலன் கிடைத்தது.

தூக்கத்தைத் துண்டு போடாதீர்கள். முதல் பருவத்தில் இரவு 11 மணிக்குப் படுத்து, 3 மணிக்கு எழுந்து, வகுப்பு முடிந்து மறுபடி படுத்து, பகலில் எதுவும் ஓடாமல் நான் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். அடுத்த பருவத்தில் இரவு 8.30க்கே படுத்து 4 மணிக்கு எழும் வழக்கத்துக்கு மாறியபின்தான் சீரானது. எங்கள் பாட்டி காலமெல்லாம் அந்த நேரத்துக்குத்தான் எழுந்துகொண்டிருந்தார் என்பதால் வீட்டில் ஒரு துணையும் கிடைத்தது. அமெரிக்க நேரத்தில் படிப்பவர்கள் இதற்கு நேர்மாறாக விடியற்காலை படுத்து நண்பகலில் எழ வேண்டியிருக்கும். எதுவானாலும் வாரத்தின் ஏழு நாளும் ஒரே நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

எல்லா வகுப்பிலும் நேரலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி கேட்கவும் பேசவும் இடமிருக்கும் டியூட்டோரியலுக்கு எந்த நேரமானாலும் நேரலையில் போங்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒருவர் பேசும் விரிவுரையைப் பதிவில் பார்க்கலாம். ஆனால் பதிவு என்பது கடன் வாங்குவதைப் போன்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, ஐந்தாம் வாரத்தில் எனக்குப் பதினொரு மணி நேர விரிவுரை பாக்கி நின்றது. எந்த வாரத்துப் பதிவும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டக் கூடாது என்ற விதியைப் பிறகு வைத்துக்கொண்டேன். குழுக்களாகப் பிரித்து விடும் பிரேக்அவுட் அறைகளின் பேச்சு பொதுவாகப் பதிவில் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உரையாடல் உண்மையில் நடப்பது அங்கேதான்.

வீடு, மின்சாரம், இணையம்

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மடிக்கணினி புதிதாக இருப்பதைவிட, மைக் உள்ள ஒரு நல்ல ஹெட்போன் இருப்பது முக்கியம். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு வேண்டும்: வீட்டுக்கு ஃபைபர் ஒன்று, கைபேசியில் இன்னொன்று. அப்போது பரவலாக இருந்த ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டம், எல்லோருடைய முகமும் தெரியும் இரண்டு மணி நேர ஜூம் வகுப்பிலேயே தீர்ந்துவிடக்கூடியது; ஆகையால் கைபேசி இணைப்புக்கு மாறியதும் பிறர் காணொளி வருவதை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ரவுட்டர் செருகியிருக்கும் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையம் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். ஓர் எலெக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். துணை மின்நிலையங்களின் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களை முன்கூட்டியே நாளிதழில் போடுகிறார்கள். அதைப் பார்க்கும் வேலையை அப்பாவிடம் ஒப்படைத்தேன். புயல் எச்சரிக்கையும் அப்படித்தான். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடலூர்த் தோழி ஒருத்தி அதற்கு இரண்டு நாள் முன்பே வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையை இணைத்துத் தன் ஆசிரியருக்கு எழுதியிருந்ததால், மின்சாரம் இல்லாத நாட்களுக்கு ஈடாக அவளுக்குக் கால நீட்டிப்பு கிடைத்தது. புயல் கடந்தபின் எழுதியிருந்தால், மின்னஞ்சல் அனுப்புவதற்கே வழி இருந்திருக்காது.

பல்கலைக்கழகக் கணக்கில் நுழைவதற்கான இருபடிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காதீர்கள். செயலியில் வையுங்கள், அதையும் இரண்டு கருவிகளில் வையுங்கள். கைபேசி கெட்டுப்போனால் உதவி மையம் திறக்கும் வரை நீங்கள் வகுப்புக்கு வெளியே நிற்க நேரும்.

கருவியைவிடக் கடினமானது, வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை உணர்த்துவது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால் ஓய்வாக இருப்பதாகவே பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. இது பெண்பிள்ளைகளுக்கு இரட்டைச் சுமை என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். மெல்போர்னில் இருந்திருந்தால் நூலகத்தில் இருக்கும் நேரத்தில், ஊரில் நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அதே வயதில் பக்கத்துத் தெருவிலிருந்து படித்த ஒருவரை யாரும் அடுப்படிக்கு அழைக்கவில்லை. சண்டை போடாமல் இதைத் தீர்த்தது ஒரு தாள்தான். வாரத்தின் வகுப்பு நேரங்களையும் படிப்பு நேரங்களையும் தமிழில் எழுதி, ஒரு பாடத்துக்குக் கட்டிய கட்டணத்தை வகுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு வகுப்பின் விலை இத்தனை ஆயிரம் ரூபாய் என்று அதன் கீழே குறித்து, சமையலறைக் கதவில் ஒட்டினேன். அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் என்னை அழைக்க வருகிறவர்களை அம்மாவே தடுத்து நிறுத்தினார்.

பேசுவதும் சேர்ந்து வேலை செய்வதும்

முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பேசிவிடுங்கள். ஒலி கேட்கிறதா என்று கேட்பதாக இருந்தாலும் போதும். முதல் வாரத்தில் வாய் திறக்காதவர்களுக்கு ஆறாம் வாரத்தில் வாய் திறப்பது மலையாகிவிடுகிறது. உச்சரிப்பு பற்றிக் கூச்சம் இருந்தால், கேள்வியை முதலில் உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்துவிட்டு, ஆசிரியர் அதைப் படித்தபின் மைக்கைத் திறந்து விளக்குங்கள். கேமராவைத் திறந்து வைக்க முடிகிற நாளில் திறந்து வையுங்கள், ஆனால் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, காணொளிக் கூட்டங்கள் தரும் களைப்புக்கான காரணங்களில் ஒன்று என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதினார். அதை மறைத்தபின் எனக்கு மாலைத் தலைவலி குறைந்தது.

குழு வேலையில் முதலில் பேச வேண்டியது தலைப்பை அன்று, எந்தச் செயலியில் பேசுவது என்பதை. எங்கள் குழுவில் சீனாவிலிருந்து இருவர் இருந்தார்கள். அவர்களால் வாட்ஸ்அப்பையோ கூகுள் ஆவணங்களையோ தடையில்லாமல் திறக்க முடியவில்லை. அவர்கள் பயன்படுத்தும் வீசேட் என்ற சீன உரையாடல் செயலியோ, இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் தடைசெய்யப்பட்டது. இரண்டு வாரம் ஒருவரையொருவர் சோம்பேறி என்று தவறாக எண்ணிக்கொண்டிருந்தபின்தான் இதைக் கண்டுபிடித்தோம். பல்கலைக்கழகமே வழங்கும் மின்னஞ்சலும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் எல்லோருக்கும் திறந்தன. ஆகவே எப்போதும் பல்கலைக்கழகம் தரும் கருவியையே முதலில் பயன்படுத்திப் பாருங்கள். கூடிப் பேசும் நேரத்தையும் சுழற்சியில் வையுங்கள். ஒரே ஊர்க்காரர் மட்டும் எப்போதும் நள்ளிரவில் விழித்திருக்க நேரக் கூடாது.

ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு மாதம் ஒரு முறையாவது போங்கள். எனக்கு நேரில் தெரியாத ஓர் ஆசிரியர், பத்து நிமிடச் சந்திப்பு ஒன்றில், என் கட்டுரையின் இரண்டாம் பத்தியே முதல் பத்தியாக இருக்க வேண்டும் என்று சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு அந்தப் பருவம் முழுக்க உதவியது. நூலகரையும் மறக்க வேண்டாம். மின்னூலாகக் கிடைக்காத புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை ஸ்கேன் செய்து அனுப்பும் சேவை பல நூலகங்களில் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. அதிலும், நெருக்கடிக்காகத் தற்காலிகமாகத் திறந்துவிடும் சேகரிப்புகளை நம்பி ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகம் 2020 மார்ச்சில் திறந்த அவசரகால நூலகம் ஜூன் நடுவிலேயே மூடப்பட்டது.

கேமரா பார்க்கும் தேர்வு

தொலைக் கண்காணிப்புத் தேர்வில், அடையாள அட்டையைக் காட்டி, அறையை நான்கு பக்கமும் கேமராவில் சுற்றிக் காட்டி, யாரும் உள்ளே வராமல் எழுத வேண்டும். கூட்டுக் குடும்ப வீட்டில் இது எளிதன்று. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தாலும், வாசலில் யாரேனும் குரல் கொடுத்தாலும் மென்பொருள் அதைச் சந்தேகமாகக் குறித்துக்கொள்கிறது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே தேர்வு அலுவலகத்துக்கு உங்கள் வீட்டு நிலையை எழுதுங்கள்: தனி அறை இருக்கிறதா, தெருவில் கோயில் திருவிழா ஒலிபெருக்கி இருக்குமா, மின்தடை வருமா என்பதையெல்லாம் முன்னதாகவே சொல்லிவிடலாம். ஒத்திகைத் தேர்வைத் தேர்வு நடக்கும் அதே மணி நேரத்தில், அதே வெளிச்சத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால், திரையைக் கைபேசியில் நேரம் தெரியும்படி படம் எடுத்து, தேர்வு முடிந்த அந்த மணி நேரத்துக்குள்ளேயே புகாரை அனுப்புங்கள். எனக்கு ஒரு தேர்வில் பன்னிரண்டு நிமிடம் இணைப்பு போனது. அந்தப் படம் இருந்ததால்தான் மறுதேர்வு கிடைத்தது.

வீட்டில் நோய் வந்தால்

இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் விட முடியாது. 2021 மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. மே 10 முதல் தமிழகம் முழு ஊரடங்கில் இருந்தது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசையில் நின்றன. அந்த மாதத்தின் தொடக்கத்தில் மெல்போர்ன் இயல்பாக இருந்தது. மாணவர்கள் வளாகத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் பருவ இறுதி ஒப்படைப்புகளின் கெடுக்கள் அட்டவணைப்படி வந்துகொண்டிருந்தன. ஆசிரியர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. எங்கள் தெருவில் என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் பெரியப்பா மருத்துவமனையில் இருந்த வாரத்தில் நான் வாய் திறக்காமல் ஒரு கட்டுரையை எழுதி அனுப்பினேன். அதை இன்றும் படிக்க என்னால் முடிவதில்லை.

அப்படிச் செய்யாதீர்கள். நிலைமையைச் சொல்லி மூன்று வரி எழுதினால் போதும்: வீட்டில் இன்னாருக்குத் தொற்று, நான்தான் பார்த்துக்கொள்கிறேன், இந்த ஒப்படைப்புக்கு இத்தனை நாள் வேண்டும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று ஸ்பெஷல் கன்சிடரேஷன் என்ற விண்ணப்பமே இருக்கிறது. கெடுவுக்கு முன்போ, கெடு முடிந்த சில நாட்களுக்குள்ளோ அதை அனுப்ப வேண்டும். ஆர்டிபிசிஆர் முடிவு, மருத்துவமனை அனுமதிச் சீட்டு போன்ற தாள்களை ஆதாரமாகக் கேட்பார்கள். தமிழில் உள்ள தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். உடனடியாகத் தாள் கிடைக்காத நிலையில், தாள் பின்னால் வரும் என்று குறிப்பிட்டு விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள். உங்களால் எழுத முடியாத நிலை வந்தால் உங்கள் சார்பில் எழுதுவதற்கு ஒரு வகுப்புத் தோழரை முன்பே ஏற்பாடு செய்து, உங்கள் மாணவர் எண்ணையும் ஒருங்கிணைப்பாளரின் மின்னஞ்சலையும் அவரிடம் கொடுத்து வையுங்கள். பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர்கள் தொலைபேசியிலும் பேசுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மாணவரோடு பேச அனுமதி உண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போகும்போது

எல்லை திறக்கும் செய்தி வந்தால் விமானச் சீட்டுக்கு முன்பு தாள்களைப் பாருங்கள். 2021இல் ஆஸ்திரேலியா கோவிஷீல்டை அக்டோபர் 1 அன்றும் கோவேக்சினை நவம்பர் 1 அன்றும் ஏற்றது. கோவேக்சின் போட்டவர்கள் அந்த ஒரு மாதத்தை வயிற்றில் நெருப்போடு கழித்தார்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் தந்தை பெயர் முதலெழுத்து வழக்கத்தால் பலருக்கு அது ஒன்றாக இருக்கவில்லை. திருத்துவதற்குச் சில நாட்கள் பிடித்தன. விசா முடியும் தேதியையும், பல்கலைக்கழகச் சேர்க்கை உறுதிச் சான்றில் உள்ள படிப்பு முடியும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாடங்களைக் குறைத்துப் படித்தவர்களுக்கு இரண்டும் பொருந்தாமல் போகும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் இணையவழியில் உங்களுக்குக் கற்பித்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தியுங்கள். முகம் தெரிந்தாலும் பெயரோடு பொருத்திப் பார்க்க அவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்பதால், எந்தப் பருவம், எந்தப் பிரிவு, என்ன தலைப்பில் கட்டுரை எழுதினீர்கள் என்பதைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர்கள் அவர்கள்தான். 2022 பிப்ரவரியில் நான் கதவைத் தட்டிய ஆசிரியர், எப்போதும் காலை இருட்டில் பின்னால் சேவல் கூவக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மாணவியா என்று கேட்டார். என் பெயரைவிட அந்தச் சேவல்தான் அவருக்கு நினைவிருந்தது. அன்று மாலையே அவர் என் ஆய்வேட்டுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டார்.